இரண்டு அருச்சனைத் தட்டுகள்

அத்தியாயம் பதினொன்று

சாமியறை அலுமாரியின் மேல் இரண்டு பித்தளைத் தட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று சற்றுப் பெரியது. விளிம்பில் ஒரு நெளிவு உண்டு. மற்றது சிறியது. இந்தியாவிலிருந்து ஊர் திரும்பிய காலந்தொட்டு வெள்ளிக்கிழமைதோறும் சிவபாக்கியம் இவ்விரண்டையும் ஏந்திக்கொண்டே பிள்ளையார் கோயிலுக்குப் போய்வந்தாள். பெரியது கணவர் செல்வநாயகத்தின் பெயருக்கு. சிறியது தன் பெயருக்கு.

இதை ஊரில் எவரும் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. நேற்று முன்தினம் வரை செல்வநாயகத்துக்கும் இது தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு வயலே கோயில். நேற்று முன்தினம், தம் அறுபதாம் கலியாணத்துக்குப் பிள்ளையாரிடம் சொல்லிவர வேண்டுமென்று அவரும் உடன் போனார். இரண்டு தட்டுகளையும் கண்டார்.

"ஏன் பாக்கியம் இரண்டு தட்டு? எல்லாரும் குடும்பத்துக்கு ஒண்டுதானே வைக்கினம்?"

சிவபாக்கியம் எதையும் ஒளித்துப் பேசப் பழகாதவள். "ஞாயிற்றுக்கிழமை மந்திரம் சொல்லித் தாலி ஏறட்டும். பேந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு தட்டுக் காணும்" என்றாள்.

அவ்வளவுதான்.  மறுநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின், கையைக் கழுவிக்கொண்டு, முகத்தைப் பாராமலே கேட்டார்.

"அப்ப, இவ்வளவு காலமும் நாங்கள் ஆர்?"

 இப்போது ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது. முற்றத்திலே பந்தல் நிற்கிறது. வாசலில் வாழை நிற்கிறது. கும்பங்களுக்கு நூல் சுற்றியாயிற்று. மாப்பிள்ளையைத்தான் காணவில்லை.

"அப்பா வெள்ளாப்பிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவர் அம்மா. வயலுக்காக்கும்" என்றாள் மகள் தக்சிகா. மன்னார் நகரத்தில் ஒரு கந்தோரில் வேலை பார்ப்பவள். இந்தச் சடங்குக்கென்றே லீவு போட்டு வந்தவள்.

"வேட்டியோட போனவரோ, சாரத்தோட போனவரோ?"

"சாரத்தோடதான்."

 சடங்குக்கு இருக்க எண்ணியவர் சாரத்தோடு வயலுக்குப் போகமாட்டார்.

செல்வநாயகத்தின் தமக்கை இந்திராதேவி குசினி வாசலில் கதிரை போட்டு இருந்தபடி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"அறுபது வயதில மாப்பிள்ளை ஓடினதை எங்கட பரம்பரையில இண்டைக்குத்தான் காணப்போறன்" என்றாள்.

"ஓடேல்லை மச்சாள். வாய்க்கால் பார்க்கப் போயிருப்பார்."

"வெட்டப்போற வயலுக்கு வாய்க்கால் என்னத்துக்கு?"

 மாசி மாதத்திலே நெற்கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கும்போது, கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரைத் தேடிக்கொண்டு எந்தக் கமக்காரனும் போவதில்லை.

அந்நேரம் ஓர் ஓட்டோ வந்து வேலியோரம் நின்றது. தோட்டவெளியிலிருந்து அமிர்தநாயகமும் மகன் மில்ரனும் வந்திறங்கினார்கள். மில்ரன் பின்னாலிருந்து வாடகைக் கதிரைகளை இறக்கத் தொடங்கினான். அமிர்தநாயகம் வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாக, மாப்பிள்ளைத் தோழனுக்குரிய மிடுக்கோடு முற்றத்துக்கு வந்தார்.

"விடியற் பூசையைப் பார்த்த கையோட வாறன் தங்கச்சி. பாதர் பிரசங்கத்தை நீட்டிப்போட்டார். எங்க எங்கட மாப்பிள்ளை?"

சிவபாக்கியம் சொல்லாமலே அவர் விளங்கிக்கொண்டார். செல்வநாயகத்தின் குணம் அவருக்குத் தெரியாததன்று. தொண்ணூறாம் ஆண்டு, ஊர் கலைந்து ஓடிய ஆனி மாதத்தில், பேசாலைக் கரையிலிருந்து இவர்களையெல்லாம் தம் வள்ளத்தில் ஏற்றி அக்கரை சேர்த்தவர் அவரே. அகதி முகாமிலே நடந்த அந்தக் கலியாணத்தில் தோழனாக நின்றவரும் அவரே. வேதக்காரர் சைவக் கலியாணத்தில் தோழனாக நிற்கலாமோ என்று அன்று கேட்பதற்கு எவருக்கும் தெம்பு இருக்கவில்லை. இன்று கேட்பதற்கு எவருக்கும் மனம் இல்லை.

"நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார்.

"இல்லை அண்ணை. கோபம் என்னோட. நான்தான் போகவேணும். நீங்கள் என்னைக் கொண்டுபோய் விடுங்கோ."

புறப்படும்போது, தக்சிகா தேநீர்க் கோப்பையொன்றை மில்ரனிடம் நீட்டுவதைச் சிவபாக்கியம் கண்டாள். சீனி எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கண்ணில் பட்டது, மனத்தில் தங்கவில்லை. மனத்தில் அப்போது வேறொன்றுக்கும் இடமிருக்கவில்லை.

ஓட்டோ செம்மண் ஒழுங்கையால் குலுங்கிக்கொண்டு போயிற்று. இருபுறமும் விளைந்த வயல். வெயில் இன்னும் ஏறவில்லை.

"உமக்கு ஏன் தங்கச்சி அந்தச் சமஸ்கிருதத்தில உவ்வளவு ஆசை? ஒரு சொல்லாவது விளங்குமோ?" என்று அமிர்தநாயகம் கேட்டார். குத்திக் கேட்டதன்று, அறியவே கேட்டார்.

"விளங்காது அண்ணை. ஆனால் அது இல்லாமல் எங்கட வீட்டில ஒண்டும் நடந்ததில்லை."

உண்மைதான். சிறுவயதில் கோயிலுக்குப் பக்கத்து வளவிலே அவள் வளர்ந்தாள். பெரிய குருக்கள், இப்போதைய குருக்களின் தகப்பனார், காலைச் சந்திப் பூசையில் மந்திரம் சொல்லும் ஓசையிலேதான் அவளுக்கு விடியும். அடிவயிற்றிலிருந்து எழுந்து, மெல்ல உருண்டு, ஓரிடத்தில் நின்று, பின்பு கொட்டும் ஓசை. தமக்கைமாருடைய கலியாணங்களில் ஓமப் புகைக்கு நடுவே அதைக் கேட்டாள். தாயின் சாவிலே கேட்டாள். மகளுக்குக் காது குத்தியபோது கேட்டாள். ஊர் திரும்பிக் கல்வீடு கட்டிக் குடிபுகுந்தபோது கேட்டாள். பிறப்புக்கும் இறப்புக்கும் இடையில் நடந்தவற்றுக்கெல்லாம் அந்த ஒலி வந்து சாட்சி நின்றது. அவள் கழுத்தில் தாலி ஏறிய அன்றைக்கு மட்டும் அது வரவில்லை.

"எங்கட கோயிலிலும் முந்தி லத்தீன்தானே" என்றார் அமிர்தநாயகம். "குருவானவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு சொல்லுவார். ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது. பேந்து தமிழில வந்தது. சனத்துக்குச் சரியான சந்தோசம். என்னைப் பெத்த ஐயா மட்டும் முகத்தைத் தூக்கி வைச்சிருந்தார்."

"ஏனாம்?"

"ஆண்டவர் எங்கட மீன்வாடிக்கு வந்து வலைக்குப் பக்கத்தில குந்திட்டார் போலக் கிடக்காம்."

"அது நல்லதெல்லோ?"

"நானும் அப்பிடித்தான் கேட்டனான். கொஞ்சம் எட்ட நிண்டால்தான் தன்னால கும்பிட ஏலும் எண்டார். கடைசியாக் கிடக்கேக்க, லத்தீனில ஒரு செபம் சொல்லச் சொல்லிக் கேட்டார். வந்திருந்த பாதர் இளம் ஆள். அவருக்கு அது பாடமில்லை. நான்தான் சின்னனில கேட்டதில ஞாபகத்தில கிடந்த துண்டைச் சொன்னனான். சரியோ பிழையோ, கேட்டுட்டுக் கண்ணை மூடினார்."

சிவபாக்கியம் அவர் முதுகைப் பார்த்தபடி இருந்தாள். இவ்வளவு காலத்தில் இந்தக் கதையை அவர் சொல்லிக் கேட்டதில்லை.

வயல் வரம்பிலே சைக்கிள் சாத்தியிருந்தது. செல்வநாயகம் தண்ணீர் வற்றிச் சேறாய்க் கிடந்த வாய்க்காலுக்குள் நின்று, மண்வெட்டியால் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். அமிர்தநாயகம் ஓட்டோவை நிறுத்தி, தமக்குக் காது கேளாது என்பதுபோல் மறுபக்கம் பார்த்துக்கொண்டு அமர்ந்தார்.

சிவபாக்கியம் வரம்பால் நடந்து போய் அவருக்கு மேலே நின்றாள்.

"இஞ்சருங்கோ. குருக்கள் வாற நேரமாச்சுது."

"வரட்டும்."

"நீங்கள் முழுகேல்லையோ?"

"முழுகினால் சேத்துக்குள்ள இறங்குவனோ?"

அவள் வரம்பிலே குந்தினாள். புதுச் சேலை கசங்குவதைப் பற்றி எண்ணவில்லை.

"நான் உங்களைக் குறைச்சுச் சொல்லேல்லை."

"என்னைச் சொல்லியிருந்தால் நான் பொறுத்திருப்பன்." அவர் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். "உன்னையல்லோ குறைச்சுப்போட்டாய். வெள்ளிக்கு வெள்ளி பிள்ளையாருக்கு முன்னால போய் நிண்டு, நான் இந்தாளின்ர பெண்சாதி இல்லை எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறாய். பேந்து வந்து எனக்குச் சோறு போட்டிருக்கிறாய்."

"அப்பிடி இல்லை."

"வேற எப்பிடி?"

 அவரே தொடர்ந்தார். குரல் தணிந்திருந்தது.

"எனக்கு மந்திரத்தில வெறுப்பு ஒண்டுமில்லை. அப்பு செத்தாப்பிறகு அந்தியேட்டிச் சடங்கை ஒரு குறையும் விடாமல் குருக்களைக் கொண்டு செய்தனான். ஆனால் அண்டைக்கு முகாமில, தகரக் கூரைக்குக் கீழ, உன்ர ஐயா தேவாரம் பாடேக்க, அந்தக் கொட்டிலில இருந்த சனமெல்லாம் எழும்பி நிண்டது. ஆரெண்டே தெரியாத சனம். எனக்கு மயிர் கூச்செறிஞ்சது. அதுக்கு மேல ஒரு கலியாணம் இருக்கெண்டு நான் நினைக்கேல்லை. நான் அண்டைக்கு முழுக் கலியாணம் முடிச்சனான் பாக்கியம். நீ அரைக் கலியாணத்தோட என்னோட இருந்திருக்கிறாய். ஒரு சொல்லும் சொல்லேல்லை."

சிவபாக்கியத்தின் கண்முன் அந்த நாள் வந்து நின்றது. ஆவணியில் நாள் வைத்த கலியாணம். பெரிய குருக்கள் முகூர்த்தமும் குறித்துக் கொடுத்திருந்தார். ஆனியிலே குருக்கள் ஒரு திக்கு, ஊர் ஒரு திக்கு, அவர்கள் கடலுக்கு அப்பால். கலியாணமாகாத குமர்ப்பிள்ளையை முகாமில் எவ்வளவு காலம் வைத்துக்கொண்டு காத்திருப்பது என்று தகப்பன் சரவணமுத்து தவித்தார். பாம்பன் பாலத்துக்கு அங்காலே, இராமேசுவரத்துப் பெருங்கோயிலில் விடியலிலிருந்து இரவுவரை வேத ஒலி. அந்தப் பாலத்தைக் கடந்துபோக அன்று அவர்களுக்கு வழி கிடைக்கவில்லை. மஞ்சள் தோய்த்த நூலிலே ஒரு மஞ்சள் துண்டு. ஒரு பிள்ளையார் படம். தகப்பனின் உடைந்த குரல்.

அவள் அன்று அழுதாள். தாயை நினைத்து அழுகிறாள் என்று எல்லாரும் எண்ணினார்கள். காற்று அந்தப் பக்கத்திலிருந்து வீசினால், கோயில் மந்திரத்தில் ஒரு துளியாவது காதில் விழாதோ என்று அவள் ஏங்கியிருந்ததை எவரும் அறியவில்லை.

"எனக்கு அந்தச் சத்தம் வேணும்போல கிடந்தது" என்றாள். "வேற ஒண்டும் இல்லை. எல்லாருக்கும் வந்தது. எனக்கெண்டு வந்த நாளில மட்டும் வரேல்லை. அது வராட்டி, கடவுளுக்கு எங்கட கலியாணம் தெரியாது எண்டு நினைச்சிட்டன். எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

நெற்கதிர்களிலிருந்து கிளிக்கூட்டமொன்று எழுந்து, வட்டமிட்டு, அப்பால் இறங்கியது. செல்வநாயகம் மண்வெட்டியைக் கழுவத் தண்ணீர் தேடினார், வாய்க்காலில் இல்லை. புல்லிலே துடைத்தார்.

"வாறன்" என்றார். "சனத்துக்கு முன்னால உன்னைத் தனிய இருத்தமாட்டன். ஆனால் குருக்கள் தாலியை எடுத்து நீட்டேக்க இந்தக் கை எழும்புமோ எண்டு எனக்கே தெரியாது. அதையும் இப்பவே சொல்லிப்போட்டன்."

அவர்கள் திரும்பியபோது குருக்கள் வந்து ஓமகுண்டத்துக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். சோமாஸ்கந்தக் குருக்கள் நடுத்தர வயதினர். குரலிலே தகப்பனார் அப்படியே இருந்தார். செல்வநாயகத்தின் சாரத்தையும் சேற்றுக் காலையும் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை.

"கிணற்றில வாளி கிடக்கு. கெதியா முழுகிட்டு வாங்கோ ஐயா. நட்சத்திரம் போகமுந்தித் தொடங்கவேணும்."

செல்வநாயகம் முழுகி, வேட்டி உடுத்து, திருநீறு பூசி வந்து பலகையிலே அமர்ந்தார். வலப்புறம் சிவபாக்கியம். அமிர்தநாயகம் தோழனாகப் பக்கத்தில் நின்றார். பந்தல் நிறைய உறவினர். இந்திராதேவி முன்வரிசையிலே, தம்பியின் முகத்தில் கண்ணாக இருந்தாள்.

குருக்கள் அவர் மோதிரவிரலில் தருப்பைப் பவித்திரத்தை இட்டார். சிவபாக்கியத்தின் கையில் ஒரு தருப்பையைக் கொடுத்தார்.

"சங்கல்பம் முடியுமட்டும் இதால ஐயாவைத் தொட்டுக்கொண்டு இருங்கோ அம்மா."

அவள் தருப்பையின் நுனியை அவர் தோளிலே வைத்தாள். அவர் அசையவில்லை, விலகவும் இல்லை.

குருக்கள் கண்ணை மூடினார். ஒலி எழுந்தது.

அதுவே அந்த ஒலி. அடிவயிற்றிலிருந்து எழுந்து, உருண்டு, நின்று, கொட்டும் அதே ஒலி. சிவபாக்கியத்தின் உடல் முழுவதும் கேட்டது. சங்கல்பம் என்பது, இன்ன இடத்தில், இன்ன காலத்தில், இன்னார் இன்னதைச் செய்யப்போகிறார் என்று தேவர்களுக்கு அறிவிப்பது என்றளவுக்கு அவள் அறிவாள். எண்ணுதற்கரிய ஊழிக்காலத்திலிருந்து தொடங்கி, தீவைச் சொல்லி, ஆண்டைச் சொல்லி, மாதத்தைச் சொல்லி, நாளைச் சொல்லி, ஆகாயத்திலிருந்து ஒருவர் படிப்படியாக இறங்கிவந்து இந்த முற்றத்தின் வாசலைத் தட்டுவதுபோல் அது வந்தது. கும்பமாசம் என்றது அவளுக்கு விளங்கியது. உத்தரட்டாதி விளங்கியது. பிறகு கணவரின் பெயர். பெயருக்குப் பின்னே ஒரு தொடர்:

"தர்மபத்னீ ஸமேதஸ்ய..."

சிவபாக்கியம் நிமிர்ந்தாள்.

இந்த ஓசையை அவள் முன்பே அறிவாள். பொருள் தெரியாது, ஆனால் அதன் ஏற்றமும் இறக்கமும் அவள் காதுக்குப் பழகியவை. பெரிய தட்டைக் குருக்களிடம் நீட்டியவுடன் வரும் ஓசை அது. சிறிய தட்டுக்கு ஒருநாளும் வராத ஓசை. அது கணவர் பெயரின் ஒரு பகுதி என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தாள்.

"ஐயா" என்றாள், தன்னையறியாமல்.

குருக்கள் நிறுத்தினார். இந்திராதேவி சூள்கொட்டினாள். "மந்திரத்துக்கு நடுவில கதைக்கக்கூடாது எண்டு தெரியாதோ இவளுக்கு."

"கதைக்கட்டும். சொல்லுங்கோ அம்மா" என்றார் குருக்கள்.

"இப்ப சொன்னது... இவற்ற பேருக்குப் பிறகு சொன்னது. வெள்ளிக்கிழமையிலயும் அதைச் சொல்லுறனீங்களெல்லோ?"

"ஓம். சொல்லுறனான்."

"அதுக்கு என்ன கருத்து?"

குருக்கள் அவளை வியப்போடு பார்த்தார். "அறவழியில வந்த மனைவியோட கூடியிருக்கிற இன்னார் எண்டு கருத்து. இல்லறத்தில இருக்கிறவரின்ர பேரை அப்படித்தான் சொல்லுறது. ஐயான்ர பேரைச் சொல்லேக்க நீங்களும் அதுக்குள்ள வந்திடுவியள்."

 

"எங்களுக்கு மந்திரம் சொல்லித் தாலி கட்டேல்லை ஐயா. முகாமில..."

"எனக்குத் தெரியும். அப்பா சொல்லியிருக்கிறார். நீங்கள் ஊருக்குத் திரும்பி வந்து முதல் தட்டு நீட்டினது அப்பாவிட்டத்தானே? அவர் சொன்னதைத்தான் நானும் சொல்லுறன். கலியாணம் எப்படி நடந்தது எண்டு விசாரிச்சுட்டே அம்மா நாங்கள் அருச்சனை செய்யிறம்? முன்னால நிக்கிறவை ஆரெண்டு தெரியும். அது காணும்."

"அப்ப அந்தச் சின்னத் தட்டு?"

"உங்கட பேருக்குத் தனியவும் ஒண்டு செய்ய விருப்பமாக்கும் எண்டு நினைச்சனான். தட்டு நீட்டுறவையிட்ட ஏனெண்டு கேக்கிற வழக்கம் இல்லை." குருக்கள் முறுவலித்தார். "இண்டைக்கும் பாருங்கோ, தாலி இன்னும் தட்டில கிடக்கு. அதுக்கு முந்தியே இந்தச் சொல்லைச் சொல்லிப்போட்டன். கலியாணம் முடிச்சவைக்குத்தான் அம்மா அறுபதாம் கலியாணம். முடிக்காதவைக்கு வேற சடங்கு."

எவரோ மெல்லச் சிரித்தார்கள். சிவபாக்கியம் சிரிக்கவில்லை. பாலத்துக்கு அப்பால் நின்றுவிட்டது என்று அவள் ஏங்கிய ஒலி, வெள்ளிக்கு வெள்ளி அவள் கைகூப்பி நின்ற இடத்துக்கே வந்து, அவளை இன்னாரின் மனைவி என்று சொல்லிப்போயிருக்கிறது. பொருள் தெரியாத காரணத்தால் அவள் மட்டும் அதைப் பெற்றுக்கொள்ளாமல் இருந்துவிட்டாள். பெரிய குருக்களின் குரலில் சொல்லியது. மகனின் குரலில் சொல்லியது. மழை நாளில் சொல்லியது. கோயிற் கூரை ஓடு உடைந்து கிடந்த காலத்திலும் சொல்லியது.

கண்ணீர் தருப்பையின்மீது விழுந்தது. அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நேற்று முன்தினத்துக்குப் பின்பு முதல்முறையாக அதில் கேலி இருந்தது.

"அப்ப, பிள்ளையாருக்கு வெள்ளிக்கு வெள்ளி ஒரு தேங்காய் கூடப் போயிருக்கு" என்றார் செல்வநாயகம்.

"பிள்ளையார் வேண்டாம் எண்டு சொல்லியிருக்கமாட்டார்" என்றார் அமிர்தநாயகம்.

சங்கல்பம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஓமம் வளர்ந்தது. கும்பநீரைச் சல்லடை வழியே தலையிலே ஊற்றினார்கள். தக்சிகா ஊற்றினாள், இந்திராதேவி ஊற்றினாள், உறவினர் ஒவ்வொருவராக ஊற்றினார்கள். உடை மாற்றிக்கொண்டு மீண்டும் வந்து அமர்ந்தபோது, குருக்கள் புதுத் தாலியை எடுத்துச் செல்வநாயகத்திடம் நீட்டினார்.

சிவபாக்கியம் தலை குனிந்திருந்தாள். கை எழும்புமோ என்று எண்ணவில்லை. இப்போது எழும்பாவிட்டாலும் எதுவும் குறைந்துபோகாது என்று அவள் மனம் சொல்லியது. அப்படிச் சொன்னது அவளுக்கே புதுமையாக இருந்தது.

கை எழுந்தது. கழுத்துக்குப் பின்னே விரல்கள் சற்றுத் தடுமாறின.

"முடிச்சு வருகுதில்லை."

"அண்டைக்கும் உப்பிடித்தான் நிண்டனி" என்றார் அமிர்தநாயகம். "கையைப் பிடிச்சுக் காட்டினது நான்."

"வாயைப் பொத்திக்கொண்டு நில்லும் தோழன்."

முடிச்சு விழுந்தது. மேளம் முழங்க அட்சதை பொழிந்தது. மேளம் ஓய்ந்ததும் செல்வநாயகம் குருக்களைப் பார்த்து, "ஐயா, ஒரு நிமிசம்" என்றார். பின்பு மனைவியிடம் திரும்பினார். "மாமா அண்டைக்குப் பாடின தேவாரத்தை ஒருக்காப் படி."

"நானோ? இப்பவோ?"

"நீதான். உன்ர மந்திரத்தை நான் இருந்து கேட்டனான்."

அவள் பாடினாள். தகப்பனின் குரலைப் போலவே அவளது குரலும் நடுவில் உடைந்தது. குருக்கள் கைகூப்பி எழுந்து நின்றார். அவரைக் கண்டு பந்தல் முழுவதும் எழுந்து நின்றது. இந்திராதேவி எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தாள், என்றாலும் எழுந்தாள்.

பிற்பகல். பந்தி முடிந்து, பாயாசச் சட்டியும் வெறுமையாயிற்று. செல்வநாயகமும் அமிர்தநாயகமும் பந்தலின் கீழ்க் கதிரைகளைப் போட்டுக்கொண்டு, வள்ளத்திலே வந்த இரவைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்லி வழக்காடிக்கொண்டிருந்தார்கள். மில்ரன் மற்றக் கதிரைகளை மடித்து ஓட்டோவில் அடுக்கினான்.

சிவபாக்கியம் சாமியறைக்குள் வந்தாள். இரண்டு தட்டுகளையும் எடுத்தாள். பெரியதை மீண்டும் அலுமாரியின்மேல் வைத்தாள். சிறியதைச் சேலைத் தலைப்பால் துடைத்து, பழைய துணியொன்றில் சுற்றப்போனாள். வாசலில் தக்சிகா நின்றாள்.

"ஏன் அம்மா அதைச் சுத்துறியள்?"

"இனி எனக்கு ஒண்டு காணும் பிள்ளை."

"அப்ப மற்றதை எனக்குத் தாங்கோவன்."

"உனக்கு என்னத்துக்கு? நீ குமர்ப்பிள்ளை. அப்பான்ர தட்டுக்குள்ள நீயும் வந்திடுவாய்."

தக்சிகா உள்ளே வந்தாள். கதவு நிலையைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

"அம்மா, குருக்களையா சொன்ன அந்தச் சொல் இருக்கல்லோ. அறவழியில வந்த மனைவி எண்டு."

"ஓம்."

"மந்திரமும் இல்லாமல், தேவாரமும் இல்லாமல், கந்தோரில கலியாண எழுத்து மட்டும் எழுதின ஆக்களுக்கும் அதைச் சொல்லுவாரோ?"

கேள்வி மெல்லத்தான் வந்தது. சிவபாக்கியம் மகளின் முகத்தைப் பார்த்தாள். காலையில் கண்ணில் பட்டு மனத்தில் தங்காமற் போன தேநீர்க் கோப்பை, இப்போது வந்து தங்கியது. சன்னலுக்கு வெளியே, கையில் மடித்த கதிரையோடு மில்ரன் நின்றுவிட்டிருந்தான். அவன் ஓட்டோவைப் பார்க்கவில்லை. இந்தச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். பந்தலிலே அமிர்தநாயகத்தின் சிரிப்பு உரக்கக் கேட்டது. தம் மகன் என்ன செய்திருக்கிறான் என்று அறியாத மனிதரின் சிரிப்பு. செல்வநாயகமும் கூடச் சிரித்தார்.

இன்று காலையில் கேட்டிருந்தால், அவள் நாவிலே விடை ஆயத்தமாக இருந்திருக்கும். மந்திரம் இல்லாமல் என்ன கலியாணம் என்று ஒரே மூச்சில் சொல்லியிருப்பாள். அந்தச் சொற்கள் இப்போதும் தொண்டைவரை வந்தன. கழுத்திலே புதுத் தாலி கனத்தது. அதற்கு மேலே வர அவற்றுக்கு வழி கிடைக்கவில்லை.

"எப்ப எழுதினது?" என்று மட்டும் கேட்டாள்.

தக்சிகா தாயின் கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிவபாக்கியம் அந்தத் தட்டைத் துணியிலே சுற்றவுமில்லை, மகளிடம் நீட்டவுமில்லை.